கூழ்ச் சட்டியில் யாருக்கு என்ன வேலை?

லொறியில் ஏறாத மீன்தான் கூழுக்கு வரும். மன்னார் சிலாவத்துறைக் கரையில் காலையில் வள்ளம் ஒதுங்கியதும் நல்ல மீனெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். கால் ஒடிந்த நண்டு, நசுங்கிய இறால், நாலு விரல் நீளத்தைத் தாண்டாத கலப்பு மீன் எல்லாம் கூடையின் அடியில் கிடக்கும். மார்கழி மழையில் இரண்டு நாள் அந்த ஊரில் அகப்பட்டுக்கொண்டேன். நான் தங்கிய வீட்டு மாமி அந்த அடிக்கூடையை வாங்கிவந்து திண்ணையில் வைத்தார். குசினியிலிருந்து மற்றவை வந்து சேர்ந்தன: பாதி மரவள்ளிக்கிழங்கு, ஏழெட்டுப் பயிற்றங்காய், மணலுக்குள் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டை ஒரு பிடி, முதல்நாள் இரவுச் சோறு ஒரு கோப்பை, முந்தின நாள் வெட்டிய மீனின் தலை இரண்டு. தனித்தனியாக எடுத்தால் எதுவும் ஒரு கறிக்குப் போதாது. அன்று ஆறு பேர் வயிறு நிறையக் குடித்தோம்.

ஒடியற்கூழுக்குச் சமையல் குறிப்பு எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டில் மிஞ்சப்போவது வேறு. பாதி கரட், ஒரு துண்டு கோவா, நேற்றைய பருப்பு என்று ஏதோ கிடக்கும். அதனால் கூழை ஒரு தோணி என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம். யார் ஏறினாலும் சரி, ஆனால் ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும், ஒருவர் வலை விட வேண்டும், ஒருவர் தண்ணீர் இறைக்க வேண்டும். அந்த வேலைகள் என்னென்ன என்று தெரிந்துவிட்டால், வீட்டில் எது மிஞ்சினாலும் சூப் வைக்கலாம்.

கூழ் குளிருக்குக் குடிப்பது, அதனால் குளிர் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மலைநாட்டு நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். மன்னாரில் வாடைக்காலத்து இரவிலும் வெப்பமானி இருபதுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் நனைந்த சறத்தின் மேல் வாடைக்காற்று அடிக்கும்போது ஈரம் ஆவியாகி உடம்புச் சூட்டைக் களவெடுத்துக்கொண்டு போகும். மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பதும் இதே வழியில்தான். கடலிலிருந்து வருகிறவர்களுக்கு வெப்பமானி சொல்வதைவிட அந்தச் சறம் சொல்வதுதான் குளிர்.

முதல் வேலை தலைக்கும் முள்ளுக்கும். மீன் தலையிலும் தோலிலும் நண்டுக் காலின் மூட்டிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மூன்று புரியை ஒன்றாக முறுக்கிய கயிறு அது, வலைக் கயிறு முறுக்குவதுபோலவே. சூடு அந்த முறுக்கை அவிழ்க்கும். அவிழ்ந்த புரிகள் தண்ணீரில் கலந்து ஜெலட்டினாகும், உதடு ஒட்டுகிற அந்தப் பிசுக்கு அதுதான். ஆட்டெலும்பில் முறுக்கு இறுக்கம், மணிக்கணக்கில் அடுப்பில் கிடக்க வேண்டும். மீனில் முறுக்கு தளர்வு, மெல்லிய கொதியில் அரை மணி நேரம் போதும். அதற்கு மேலே தளதளவென்று கொதிக்கவிட்டால் சாறு கலங்கிக் கசப்பு ஏறும். ‘நல்லா கொதிச்சால்தான் சத்து இறங்கும்’ என்று அடுப்பை எரிக்கிறவர்களோடு நான் பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன், வென்றதில்லை.

சுவைக்குக் கரைவலையைப் பாருங்கள். கரைவலைக்கு இரண்டு பக்கமும் கயிறு. ஒரு பக்கத்தை மட்டும் எத்தனை பேர் இழுத்தாலும் வலை கோணிக்கொண்டு போகும், மீன் தப்பிவிடும். சாற்றின் சுவைக்கும் இரண்டு கயிறு உண்டு. ஒன்று குளுட்டமேட். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தக்காளியிலும் இறாலிலும் நண்டிலும் அது இருக்கிறது. மற்றது இனோசினேட். அவருடைய மாணவர் கொடாமா 1913இல் அதை உலர்த்திய சூரை மீனில் கண்டார். இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தால் சுவை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். உலர்த்திய சூரை என்றதும் நம் குசினித் தட்டிலிருக்கும் மாசி ஞாபகத்துக்கு வரவில்லையா? சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் கல்லாகக் காயவைத்த மாசியும் ஜப்பானியரின் அந்தக் கருவாடும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான். மரக்கறிச் சூப் சப்பென்று இருந்தால் இடித்த மாசி ஒரு தேக்கரண்டியும் ஒரு தக்காளியும் போட்டுப் பாருங்கள். இரண்டு கயிறும் இழுபடும்.

இனி மரக்கறி. மரவள்ளியைத் தோல் நீக்கி வெட்டி, தனியாக மூடாத சட்டியில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மாமி கூழுக்குள் போட்டார். கிழங்கை வெட்டும்போது மிகச் சிறிதளவு ஹைட்ரஜன் சயனைட்டு உண்டாகிறது. அது நம் ஊர்ச் சூட்டிலேயே ஆவியாகிற பொருள், மூடியைத் திறந்துவைத்தால் பறந்துவிடும். பிறகு கிழங்கு, பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் தலைச்சாற்றில் வேகத் தொடங்கின. உதவி செய்கிற எண்ணத்தில் நான் புளிக் கோப்பையைத் தூக்கினேன்.

“புளியை இப்ப விடாத தம்பி, காய் அவியாது.”

மாமிக்கு வேதியியல் தெரியாது, விதி தெரியும். காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். கல்லும் கல்லும் ஒட்ட இடையில் பூசும் சாந்து என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரில் கொதித்தால் சாந்து கரைந்து காய் குழையும். புளிப்பு சேர்ந்தால் சாந்து கரைய மறுக்கும். புளியை முந்தி விட்டுவிட்டு, ‘இந்தக் கிழங்கு கல்லுக் கிழங்கு’ என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

அடுத்தது ஒடியல் மா, இந்தத் தோணியின் சுக்கான். பனம்பழம் விழும் காலத்தில் விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடுவார்கள். மழைக்கு முளைவிட்டுக் கிழங்காகி, தை மாதமளவில் பிடுங்குவார்கள். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். ஆக மார்கழிக் கூழுக்குள் போவது போன தையில் காய்ந்த வெயில். மாவில் ஒரு கசப்பு உண்டு. ஏனத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்துவைத்தால் மா அடியில் படியும், கசப்பு தண்ணீரோடு நிற்கும். மாமி மேல்நீரை இரண்டு தடவை ஊற்றிவிட்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், மூன்றாவது தடவையும் ஊற்றினார். கசப்பு முழுக்கப் போய்விட்டாலும் கூழ் கூழாக இருக்காது என்பது என் கட்சி. கடைசியில் நாக்கில் நிற்கும் அந்தச் சிறு கைப்புத்தான் அதைக் கோதுமை மாச் சூப்பிலிருந்து பிரிக்கிறது.

மா ஏன் கூழைத் தடிப்பாக்குகிறது? ஒவ்வொரு மாவுத்துகளும் இறுக்கிக் கட்டிய ஒரு சாக்கு. குளிர்ந்த தண்ணீரில் சும்மா மிதக்கும். அறுபது எழுபது பாகைச் சூடு வந்ததும் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும். ஊதிய சாக்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும்போது இடையில் தண்ணீர் ஓட வழியில்லை. அந்த நெரிசல்தான் தடிப்பு. உலர்ந்த மாவை நேரே கொதிக்கிற சாற்றில் கொட்டினால் கலியாண வீட்டு வாசலில் நடப்பது நடக்கும்: முன்னால் நிற்கிறவர்கள் ஊதிப் பருத்து வாசலை அடைத்துவிட, பின்னால் உள்ளவர்கள் உள்ளே போக முடியாமல் உலர்ந்தே நிற்பார்கள். கட்டி என்று நாம் சொல்வது அந்த அடைபட்ட வாசலைத்தான். அதனால்தான் மாவை ஆறின புளித்தண்ணீரில் கரைத்து, ஒரு கையால் ஊற்றி மறுகையால் துழாவ வேண்டும். மா இறங்கிய பிறகு நெடுநேரம் கொதிக்கவும் கூடாது. புளியின் அமிலம் மாப்பொருளின் சங்கிலியை மெல்ல மெல்ல வெட்டிக் கூழை நீர்க்கப் பண்ணும்.

கோப்பைச் சோறு ஏற்கெனவே சட்டிக்குள் கரைந்திருந்தது. அதுவும் மாவின் கூட்டாளிதான். ஒடியல் கிடைக்காத ஊரில் மிஞ்சின சோற்றைக் கையால் மசித்துப் போட்டால் பாதி வேலை நடக்கும். நேற்றைய பருப்பு, அவித்த உருளைக்கிழங்கு, ஏன், காய்ந்த பாண் துண்டுகூட இந்த வேலையைச் செய்யும். ரொறன்ரோவில் பனி கொட்டும்போது கூழ் வைக்கிறவர்கள் பயிற்றங்காய்க்குப் போஞ்சியும் முருங்கை இலைக்குக் கீரையும் போட்டுச் சமாளிப்பது இந்தக் கணக்கில்தான்.

புளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடல் உப்போடு சமநிலை காக்க மீன் தன் தசையில் ஒரு பொருளைச் சேர்த்துவைத்திருக்கிறது. மீன் செத்தபின் நுண்ணுயிர்கள் அதை டிரைமெதிலமைனாக மாற்றும். மூக்கைத் துளைக்கிற மீன் வெடில் அதுதான். அது பறக்கிற சாதி. புளியின் அமிலம் பட்டதும் நங்கூரம் போட்ட வள்ளமாகித் தண்ணீரோடு நின்றுவிடும், மூக்குக்கு வராது. இந்தக் கரைக்கு வெடில் புதிதல்ல. சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு, சிலாவத்துறை என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் அள்ளிய சிப்பிகளை வேலிக்குள் குவித்து, சதை அழுகும்வரை விட்டு, பிறகு கழுவி முத்தெடுத்தார்கள். 1906இல் மரிச்சுக்கட்டியில் கடமைபார்த்த பிரித்தானிய அதிகாரி லெனார்ட் வூல்ஃப் பின்னாளில் எழுதிய முத்துக்குளிப்புக் கதையிலும் அந்த நாற்றம் வீசும். அத்தனை சிப்பிக்கும் புளி கரைக்க யாராலும் முடிந்திருக்காது.

அரைத்த செத்தல் மிளகாய் மாவோடு சேர்ந்தே போனது. மிளகாயின் காரப்பொருள் போய்த் தட்டுகிற கதவு, சுடுகிறது என்று மூளைக்குச் சொல்லுகிற கதவு. 43 பாகைச் சூட்டுக்குத் திறக்கிற அதே கதவு. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் அதை அடையாளம் கண்டார்கள், 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது, வாடை மறந்துபோகிறது. உண்மையான சூடும் பொய்ச் சூடும் ஒரே கதவால் நுழைவதால் கூழின் முதல் வாய் எப்போதும் ஏமாற்றும். அதோடு தடித்த கூழில் மேலும் கீழும் சுற்றோட்டம் நடக்காது. மேல் ஆறியிருக்கும், நடு எரிந்துகொண்டிருக்கும். பலா இலையைக் கோலிக் குடிக்கும்போது ஓரமாக உறிஞ்சச் சொல்வது மரியாதைக்காக இல்லை. நான் நடுவில் வாய் வைத்தேன். மாலைவரை நாக்கு மரத்துக் கிடந்தது.

முருங்கை இலை கடைசி. அடுப்பை அணைக்கும் நேரத்தில் உருவிப் போட்டு ஒரு கிண்டு. இலைப் பச்சையின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. புளித்த கொதிநீரில் கிடந்தால் அது கழன்றுவிடும், பச்சை மங்கிப் பாசி நிறமாகும்.

சிலாவத்துறையைச் சுற்றியுள்ள முசலிப் பக்கத்துப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதும் இதே கணக்கு, ஆட்கள்தான் வேறு. மாவின் இடத்தில் குழைந்த அரிசி, தலைச்சாற்றின் இடத்தில் இறைச்சியும் எலும்பும், மணத்துக்கு உள்ளியும் இஞ்சியும் றம்பையும், கடைசியில் தேங்காய்ப்பால். பாலில் எண்ணெய்த் துளிகளுக்குப் புரதச் சட்டை போட்டிருக்கிறது. பலமாகக் கொதித்தால் சட்டை கிழிந்து துளிகள் ஒன்றுசேரும், எண்ணெய் மேலே மிதக்கும். சொதி திரைவதும் அதனால்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் இந்தப் பகுதி முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்தக் கஞ்சியின் பக்குவமும் அவர்களோடு புத்தளத்துக்குப் போனது. 2009க்குப் பிறகு திரும்பியவர்களோடு மீண்டும் வந்தது. நோன்பு ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்வதால் இப்போது மெல்ல வாடைக்காலத்துக்குள் நுழைகிறது. 2030இல் ஜனவரியில் ஒன்றும் டிசெம்பர் கடைசியில் ஒன்றுமாக இரண்டு நோன்பு தொடங்கும்.

மிஞ்சின கூழை என்ன செய்வது? தடித்த பண்டத்தின் நடு சீக்கிரம் ஆறாது என்று பார்த்தோம். பெரிய சட்டியில் அப்படியே இரவு முழுக்க அடுப்படியில் விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் இளஞ்சூடாகவே கிடக்கும். கொதியிலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் முளைக்க அதைவிட வசதியான இடம் இல்லை. சின்ன ஏனங்களில் பிரித்து, தண்ணீர்த் தட்டில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். வெளியில் கிடந்து பழுதான சூரை, கும்பளா போன்ற மீனைச் சட்டியில் போடவே கூடாது. அவற்றில் ஊறும் ஹிஸ்டமின் எவ்வளவு கொதித்தாலும் அழியாது.

மறுநாள் காலை மழை விடவில்லை. பிரிட்ஜிலிருந்து எடுத்த கூழ் களிபோல் இறுகி, அகப்பை நட்டால் நின்றது. அவிழ்ந்த புரிகள் பாதி திரும்ப முறுக்கிக்கொண்டன, ஊதிய சாக்குகளும் இறுகிப்போயின. மாமி சுடுதண்ணீர் விட்டு இளக்கி, நன்றாகக் கொதிக்க வைத்து, புதிதாக ஒரு பிடி முருங்கை இலை போட்டார்.

“சூடாக்கிறது இந்த ஒருக்காத்தான். மிஞ்சினா நாய்க்கு” என்றார்.

நாய்க்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சட்டியின் அடியில் முதல்நாள் எங்கள் கண்ணில் படாமல் தப்பிய நண்டுக் கால் ஒன்று கிடந்தது. வீட்டுச் சின்னவன் அதை எடுத்துக்கொண்டு மழை பார்க்கத் திண்ணைக்குப் போனான்.