வடகடல் மாந்தர் – 14: மான்கொம்புச் சீப்பு

விடிந்ததும் வேலைக்காரப் பெண் ஒருத்தி பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் கொண்டுவருகிறாள். எஜமான் அதில் கை கழுவுகிறான், முகம் கழுவுகிறான், தலைமுடியை அலசி, பாத்திரத்துக்கு மேலேயே குனிந்து சீப்பால் வாருகிறான். பிறகு அதே தண்ணீரில் மூக்கைச் சிந்துகிறான், காறித் துப்புகிறான். தண்ணீரை மாற்றாமல் பாத்திரம் அடுத்தவனிடம் போகிறது. அவனும் அதையே செய்கிறான். வீட்டிலுள்ள எல்லா ஆண்களும் முடிக்கும்வரை அது கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இதை எழுதிவைத்தவர் இப்னு ஃபத்லான். கலீஃபா அல்-முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவோடு 921-இல் பாக்தாதிலிருந்து புறப்பட்டவர். மறு ஆண்டு வோல்கா நதிக்கரையில், வியாபாரத்துக்கு வந்து முகாமிட்டிருந்த ரூஸ்களைச் சந்தித்தார். அவர்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஆற்றுவழியாகக் கிழக்கே போனவர்கள். அவர்களுடைய உயரத்தையும் கட்டான உடலையும் பார்த்து வாய்விட்டு வியந்த அதே மனிதர், இறைவன் படைப்பிலேயே இவர்களைப் போல அழுக்கானவர்கள் இல்லை என்றும் எழுதினார்.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தினம் ஐந்து வேளை தொழுகைக்கு முன் சுத்தமான தண்ணீரில் உளூ செய்து பழகியவர் அவர். மலம் கழித்த பின் அவர்கள் கழுவாததும், ஒருவர் துப்பிய நீரில் மற்றவர் முகம் கழுவுவதும் அவருக்குக் குமட்டியதில் வியப்பில்லை. ஆனால் வைக்கிங்குகள் குளிக்காத காட்டுமிராண்டிகள் என்று நிறுவ இந்தப் பத்தியை எடுத்துக்காட்டுகிறவர்கள், அதை முழுக்கப் படிப்பதில்லை. சொந்த ஊரை விட்டு எத்தனையோ நாள் பயணத் தொலைவில், ஆற்றங்கரைக் கொட்டகையில் இருந்தும், அந்த ஆண்கள் தினமும் காலையில் முகம் கழுவித் தலை வாரியிருக்கிறார்கள். அருவருப்போடு எழுதிய சாட்சியே அதையும் சொல்லிவிடுகிறது.

அந்தச் சீப்பைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். டென்மார்க்கின் ரீபே, ஸ்வீடனின் பிர்கா, இன்று ஜெர்மனியில் உள்ள ஹெடபி, இங்கிலாந்தின் யார்க் என்று வைக்கிங் காலத்து ஊர் எதைத் தோண்டினாலும் சீப்புகள் கிடைக்கின்றன. பெண்களின் கல்லறைகளில் மட்டுமல்ல, ஆண்களின் கல்லறைகளிலும் இருக்கின்றன. பெரும்பாலும் மான்கொம்பில் செய்தவை. மானைக் கொன்றுதான் எடுக்கவேண்டும் என்பதில்லை. ஆண்டுதோறும் தானாக உதிர்ந்து காட்டில் கிடக்கும் கொம்புகளைப் பொறுக்கிவந்து பட்டறைக்குக் கொடுத்தார்கள். ரீபேயில் ரெயின்டீர் கொம்பும் கிடைத்திருக்கிறது. அந்த விலங்கு டென்மார்க்கில் கிடையாது. 8-ஆம் நூற்றாண்டிலேயே வடக்கேயிருந்து கடல் கடந்து வந்த சரக்கு அது.

கொம்பின் நடுப்பகுதி பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும், உதவாது. வெளிப்புறத்துக் கெட்டியான பகுதியை மட்டும் ரம்பத்தால் அறுத்துச் சிறுசிறு தகடுகளாக்குவார்கள். நீளவாக்கில்தான் கொம்புக்கு வலிமை என்பதால், பல் அமையும் திசையும் கொம்பின் இழை ஓடும் திசையும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் முதல் சிக்கிலேயே பல் ஒடிந்துவிடும். இந்தத் தகடுகளை வரிசையாக நிறுத்தி, இருபுறமும் நீண்ட பட்டைகளை வைத்து, துளையிட்டு, இரும்பு ஆணியால் அறைந்து இறுக்குவார்கள். அதன் பிறகுதான் பல் வெட்டுவது. அந்த ரம்பம் கொஞ்சம் ஆழமாக இறங்கியதன் கீறல்களைப் பல சீப்புகளின் பக்கப் பட்டையின் ஓரத்தில் இன்றும் பார்க்கலாம். கடைசியில் பற்களைத் தேய்த்து முனை மெலித்து, பட்டைகளில் கோலம் செதுக்குவார்கள். பல் ஒடியாமல் இருக்கச் சிலவற்றுக்கு உறையும் உண்டு. இவ்வளவு வேலைப்பாடுள்ள பொருளைச் சாதாரண வீடுகளிலும் வைத்திருந்தார்கள் என்றால், தலைமுடியை அந்தச் சமூகம் எப்படி மதித்திருக்கும்!

மதித்ததற்குக் கதைகளும் சாட்சி. நார்வே முழுவதையும் ஆளும்வரை தலைமுடியை வெட்டவும் மாட்டேன், வாரவும் மாட்டேன் என்று மன்னன் ஹரால்ட் சபதம் செய்ததாகச் சாகா கதைகள் சொல்கின்றன. பாஞ்சாலியின் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சபதம் நிறைவேறிய பின் மோரே பகுதியின் தலைவன் ரோக்ன்வால்ட் அந்த முடியை வெட்டிவிட்டான். அதுவரை சடைத்தலையன் என்று அழைக்கப்பட்டவன் அழகுமுடி ஹரால்ட் ஆனான். வரலாறாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தலை வாராமல் இருப்பது பெரிய விரதம் என்று கேட்பவர்களுக்குப் புரிந்திருந்தால்தான் இந்தக் கதையே நிற்கும். ஓடின் கடவுளின் மகன் வாலியும், தன் சகோதரன் பால்டரைக் கொன்றவனைப் பழிவாங்கும்வரை கை கழுவவில்லை, தலை வாரவில்லை என்று அவர்களுடைய புராணம் சொல்கிறது.

இங்கிலாந்தில் குற்றச்சாட்டு தலைகீழாகிறது. 1002 நவம்பர் 13 அன்று, தன் நாட்டிலிருந்த டேனியர்களைக் கொல்ல மன்னன் ஈதல்ரெட் ஆணையிட்டான். அந்தப் படுகொலைக்கு, 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, வாலிங்ஃபோர்டு ஜான் என்ற துறவியின் பெயரிலுள்ள நாளாகமம் சொல்லும் காரணம் விசித்திரமானது: டேனியர்கள் தினமும் தலை வாரினார்கள், சனிக்கிழமை தவறாமல் குளித்தார்கள், அடிக்கடி உடை மாற்றினார்கள், அதனால் ஆங்கிலேயர் வீட்டுப் பெண்கள் மயங்கிவிட்டார்கள். இரண்டு நூற்றாண்டு தள்ளி எழுதியது. அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் சனிக்கிழமைக் குளியல் உண்மைதான். ஐஸ்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் சனிக்கிழமைக்கு இன்றுவரை குளியல் நாள் என்றுதான் பெயர். பழைய ஆங்கிலக் கடிதம் ஒன்று இன்னும் நெருக்கமான காட்சியைத் தருகிறது. பிடரியை மழித்து, முன்முடியைக் கண்ணை மறைக்கும்படி தொங்கவிடும் டேனிய மோஸ்தரை நம்மவர்களும் பின்பற்றுகிறார்களே என்று அதை எழுதியவர் தன் சகோதரரிடம் வருந்துகிறார்.

சீப்போடு சாமணம், நகம் சுத்தம் செய்யும் கருவி, குறும்பிவாங்கி ஆகியவையும் கல்லறைகளில் கிடைக்கின்றன. பிர்காவில் கிடைத்த ஒரு குறும்பிவாங்கி வெள்ளியால் ஆனது. ஹெடபிக்கு 965 வாக்கில் போன அல்-தர்தூஷி என்ற பயணி, அங்கே ஆண்களும் பெண்களும் கண்ணுக்கு மை தீட்டுவதைக் குறித்துவைத்தார்.

இத்தனையும் சொன்ன பிறகு மண் சொல்லும் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும். யார்க் நகரின் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் பேன்கள் கிடைத்தன, தெள்ளுப்பூச்சிகள் கிடைத்தன. கழிவுக்குழிகளில் துடைத்துப் போட்ட பாசி கிடைத்தது. வீடு, பட்டறை, கழிவுக்குழி எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. அதே ஊரில் 1972-இல் வங்கிக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது, வைக்கிங் காலத்து மனிதர் ஒருவரின் மலம் கல்லாக இறுகி, சுமார் 20 செ.மீ. நீளத்தில் முழுசாக அகப்பட்டது. அதில் சாட்டைப்புழுவின் முட்டைகளும் உருண்டைப்புழுவின் முட்டைகளும் ஏராளமாக இருந்தன.

இதை வைத்து அவர்களைத் திரும்பவும் அழுக்கர்கள் ஆக்கிவிடக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. கண்ணுக்குத் தெரிந்த அழுக்கோடு அவர்கள் தினமும் போராடினார்கள்; பேன் இருந்ததால்தான் பல் நெருக்கமான சீப்பும் தேவைப்பட்டது. குடல் புழுவின் முட்டை மண்ணின் வழியே கைக்கும் வாய்க்கும் வருவது அவர்கள் அறியாதது. அன்றைய ஐரோப்பிய நகரங்கள் எதிலும் அதை அறிந்தவர் இல்லை.

அந்த யார்க் மனிதர் இறைச்சியும் ரொட்டியுமாகச் சாப்பிட்டு வாழ்ந்தவர் என்று அதே எச்சத்திலிருந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தச் சமையற்கட்டுக்குள் அடுத்த இதழில் போவோம்.

(தொடரும்)