கீழாநெல்லியும் கோரைக்கிழங்கும்

"காமாலை வந்த தம்பிக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தோம். மூன்று வாரத்தில் தெளிந்துவிட்டான். அப்புறமும் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்கிறாரே, எதற்கு?" உத்திரமேரூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

நம் கிராமங்களில் காமாலையைக் கொண்டுவருவது பெரும்பாலும் தண்ணீரில் பரவும் ஏ, இ வகை வைரஸ்கள். கர்ப்பிணிகளுக்கு இ வகை உயிருக்கே ஆபத்தாகலாம்; மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் உடம்பே அவற்றை விரட்டிவிடும். குணமாக்கிய பெயரை வரப்போரத்தில், இலைக்கடியில் கடுகளவு காய்களை வரிசையாகத் தொங்கவிட்டு நிற்கும் செடி தட்டிக்கொண்டு போகிறது.

மூலிகைக்கு இங்கே வரலாறு இல்லாமல் இல்லை. பக்கத்துத் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 15 கட்டில் கொண்ட ஆதுலசாலை என்னும் மருத்துவமனையையும் அங்கிருந்த மருந்துகளின் பெயர்களையும் சொல்கிறது. நம் காலத்தில், 1993இல் பெங்களூரில் தர்ஷன் சங்கர் தொடங்கிய நிறுவனம் வீட்டுக்கொல்லை மூலிகைத் தோட்டத்தை ஓர் இயக்கமாகவே தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. நல்ல வேலை. ஆனாலும் பழமை எந்த மருந்துக்கும் சான்றாகாது.

கீழாநெல்லியைச் சோதித்தும் பார்த்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், காமாலை தரும் இன்னொரு வகையான பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து 1988இல் 'லான்செட்'டில் எழுதினார்: பி வைரஸை ரத்தத்தில் சுமந்தவர்களில், பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பி வைரஸை ஒழிப்பது ஏன் இவ்வளவு கடினம்? கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் போனதும் அது தன் டிஎன்ஏவை முனையில்லாத வளையமாக மூடிக்கொள்கிறது. அந்த வளையத்திலிருந்து ஆர்என்ஏ நகல்கள் வெளியே வரும். அவற்றில் சில புது வைரஸின் கூட்டுக்குள் அடைபட, அங்கே வைரஸின் நொதி அவற்றை மறுபடி டிஎன்ஏ ஆக்கும். கீழாநெல்லிச் சாறு ஆய்வுக்கூடத்தில் தடுத்தது இந்த நொதியைத்தான். இன்றைய டெனோஃபோவிர் மாத்திரையும் அதையேதான் தடுக்கிறது, பல மடங்கு உறுதியாக. வளையமோ உள்ளே அப்படியே கிடக்கும். வயலில் கோரையைச் சீவுவது போலத்தான் இது: மேலே தாள் போய்விடும், கிழங்கு சேற்றுக்குள் இருக்கும். களையெடுப்பை நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி தழைக்கும். போதாததற்கு இந்தக் கோரை தன் துண்டுகளை விதைநெல்லோடும் கலந்துவிடுகிறது: வைரஸ் மரபணுத் துண்டுகள் நம் குரோமோசோமிலேயே ஒட்டிக்கொள்ளும். ஈரல் புற்றுக்கு அதுவும் ஒரு வழி.

தம்பிக்கு வந்தது பி வகையானால், கண்ணில் மஞ்சள் மறைந்தாலும் கிழங்கு இருக்கலாம். டாக்டர் ரத்தத்தில் தேடுவது அந்த மேலுறைப் புரதத்தை. தம்பிக்கு அது இருந்தால் வீட்டிலுள்ள எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொற்றாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பிறக்கும் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்குள் இலவசமாகவே போடுகிறார்கள்.