தூக்குக்குண்டுக்கு வயது 3 ஆயிரம்!

விடிந்தும் விடியாத வேளை. நீலசந்திரா சந்துகளிலிருந்து கட்டட வேலைக்குக் கிளம்புகிறவர்களின் தோளில் ஒரு பழைய பை தொங்கும். உள்ளே கரண்டி, மணியாசு கட்டை, மூலைமட்டம், நூல்கண்டு, தூக்குக்குண்டு. தர்மபுரிக்காரரோ, திருவண்ணாமலைக்காரரோ, எந்த ஊர்க் கொத்தனாரானாலும் இந்தப் பை இல்லாமல் வேலை ஓடாது.

இதில் பாதிக் கருவிகளை எகிப்து நாட்டுத் தொழிலாளி ஒருவரும் வைத்திருந்தார். அவர் பெயர் சென்னெஜெம். காலம், இன்றைக்குச் சுமார் 3 ஆயிரத்து 300 ஆண்டுகளுக்கு முன்!

கல்லறையில் கிடைத்த கருவிகள்

நைல் நதியின் மேற்குக் கரையில் டேர் எல் மெதினா என்று ஓர் இடம். மன்னர்களின் கல்லறைகளை மலையில் குடைந்த தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த குடியிருப்பு அது. அங்கே சென்னெஜெமின் கல்லறை 1886-இல் திறக்கப்பட்டது. மூலைமட்டமும், தூக்குக்குண்டும், தரை மட்டம் பார்க்கும் மரச்சட்டமும் உள்ளே இருந்தன.

அந்த மரச்சட்டம்தான் அன்றைய ரசமட்டம். இரண்டு சட்டங்களைக் கூரை முகடுபோலச் சேர்த்து, நடுவே ஒரு குறுக்குச் சட்டம் அடித்திருப்பார்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு குண்டு தொங்கும். குறுக்குச் சட்டத்தில் போட்ட நடுக்கோட்டில் நூல் நின்றால் தளம் மட்டம், விலகினால் கோணல். இவ்வளவுதான் சூட்சுமம்.

செம்பு உளியும் கல் உருண்டையும்

கீசாவில் உள்ள பெரிய பிரமிடு அவருக்கும் 1,200 ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. அதில் சுமார் 23 லட்சம் கற்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இரும்பு உளி கிடையாது. சுண்ணாம்புக் கல்லைச் செம்பு உளியால் வெட்டினார்கள். சந்துகளை அடைக்க ஜிப்சம் சாந்து. வீடுகளுக்கோ, வைக்கோல் துணுக்கு கலந்து வெயிலில் காயவைத்த பச்சை மண்கல்.

கருங்கல்லில் செம்பு உளி மழுங்கிப்போகும். அதனால், அதைவிடக் கடினமான டோலரைட் கல் உருண்டைகளால் அடித்து அடித்தே கருங்கல்லைத் தேய்த்தார்கள். அறுக்க வேண்டிய இடத்தில் மணலைப் போட்டு, மேலே செம்புத் தகட்டை இழுத்தார்கள். கல்லை அறுத்தது தகடு அல்ல, மணல்!

பெங்களூர்க் கருங்கல்

இரும்பு வந்த பிறகும் கருங்கல் லேசில் மசிவதில்லை. அதிலும் பெங்களூர்ப் பாறை வெகு பழமையானது. லால்பாக் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள் என்று நிலவியலார் கூறுகின்றனர்.

இந்தப் பாறையைப் பலகை பலகையாக உரிக்க இங்கே ஒரு வழி இருந்தது. பாறையின் மேல் வரிசையாக விறகுத் தீ மூட்டுவார்கள். சூடேறிய மேல்பகுதி விரியும். அடிப்பகுதி குளிர்ந்தே இருக்கும். சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறும். மேலடுக்கு விட்டுவிட்டது என்று அதற்குப் பொருள். உடனே தீயை முன்னே நகர்த்துவார்கள். பிறகு உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு அடித்து, வேண்டிய அளவுக்குப் பிளப்பார்கள். 1895-இல் லண்டன் 'நேச்சர்' இதழ் இந்த முறையை விவரித்து எழுதியது. பழைய பெங்களூர் வீடுகளின் கூரையில் காணும் நீளமான கல் பலகைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

விதான சவுதாவும் பெங்களூர்க் கருங்கல்தான். 1951 ஜூலை 13 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1956-இல் கட்டி முடித்தார்கள். முகப்பில் நிற்கும் 12 தூண்களும் தலா 40 அடி உயரம். கல்தச்சர், கொத்தனார், மரச்சிற்பி என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் மட்டும் சுமார் 1,500 பேர் உழைத்தார்கள். கென்கல் அனுமந்தையாவின் பெயர் எல்லாருக்கும் தெரியும். தூணைச் செதுக்கியவர் பெயரை யார் அறிவார்?

குமாஸ்தா எழுதிய குறிப்பு

எகிப்தில் அப்படி ஆகவில்லை. சென்னெஜெமுக்குப் பிறகு, கி.மு. 1157 வாக்கில், அதே குடியிருப்பில் கூலி தாமதமாயிற்று. அன்று கூலி என்பது தானியம். மாதத்தில் 18 நாள் கழிந்தும் வராததால், பசி தாங்காமல் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு, ஒரு கோவிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவே என்பர். பாக்கித் தானியம் அளக்கப்பட்டது.

இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் நாள்வாரியாக எழுதி வைத்தார். அந்தத் தாள் இன்று இத்தாலியின் டுரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எழுத்துக்கு இன்றும் அந்த வலு உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிக் கட்டடத் தொழிலாளர் நல வாரியங்கள் மாநிலந்தோறும் அமைந்தன. அதில் பதிவு செய்ய, ஓராண்டில் 90 நாட்கள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். மேஸ்திரி மனத்தில் வைத்திருக்கும் கணக்கு அங்கே செல்லாது.

எனவே, தூக்குக்குண்டு கிடக்கும் அந்தப் பையில் சின்ன நோட்டு ஒன்றும் இருக்கட்டும். எழுதத் தெரியாதவருக்கு, பக்கத்து வீட்டுக் குமாஸ்தா நாள்தோறும் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம். சுவர் கோணாமல் இருக்கக் குண்டு. கூலி கோணாமல் இருக்கக் கணக்கு!