வேலை வேளையில் ஒலிக்கும் வேண்டாத அழைப்பு

மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுப்பவருக்கும், கணக்கைச் சரிபார்க்கும் குமாஸ்தாவுக்கும், கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்கும் தொழிலின் மூலதனம் சிரத்தை ஒன்றே. அதைக் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று கைப்பேசியில் அழைத்துக் கேட்டு, முன்பின் அறியாதவர்கள் நித்தமும் கலைத்துப் போவதை நாம் சகஜமான விஷயமாகப் பாவிக்கப் பழகிவிட்டோம்.

எடுக்காமல் விட்டால் நஷ்டமில்லை என்பதும் சரியன்று. ஃப்ளோரிடா மாகாணப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட பரிசோதனையில், கைப்பேசியைத் தொடாமல் அதன் ஒலியையோ அதிர்வையோ உணர்ந்த மாத்திரத்திலேயே, கவனம் வேண்டும் பணியில் பிழைகள் பெருகின. மருந்தின் அளவிலும் இயந்திரத்தின் அருகிலும் அத்தகைய பிழை உயிருக்கே அபாயமாகலாம்.

இதற்குப் பரிகாரம் சட்டத்திலேயே உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, 1909 என்ற எண்ணுடன் தொடர்புகொண்டு, விளம்பர அழைப்புகள் வேண்டாமென எவரும் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். விளம்பரத்துக்கென 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்க, சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வியாபாரம் பேசுகிறவர் விதியை மீறியவரே ஆவார். அவர்மீது, முன்பதிவு செய்யாதவரும், அழைப்பு வந்த 7 நாட்களுக்குள், எண்ணையும் தேதியையும் விவரத்தையும் குறிப்பிட்டு, அதே 1909-இல் புகார் செய்யலாம். அழைப்பை நம்பிப் பணம் இழந்தவர்கள் தாமதமின்றி 1930-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டிலிருந்து அவசரச் செய்தி வருமோ என்ற கவலையால் கைப்பேசியை மௌனமாக்கத் தயங்குவோர், தொந்தரவு தவிர்க்கும் அமைப்பில் குடும்பத்தாரின் எண்களுக்கு மட்டும் அனுமதி அளித்து வைக்கலாம். தொழிற்கூட முதலாளிகளும் அவசரத்துக்கென ஒரு பொதுத் தொலைபேசி எண்ணைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அறிவித்துவிட்டால், கைப்பேசியை விலக்கி வைக்கச் சொல்வது நியாயமாகும்.

நம் ஒருவர் புகாரால் என்ன பிரயோஜனம் என்று சோர்வடைவதற்குக் காரணமில்லை. ஆணைய விதிகளின் 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒரே அழைப்பாளர்மீது 10 நாட்களில் 5 புகார்கள் சேர்ந்தாலே தொலைத்தொடர்பு நிறுவனம் நடவடிக்கை தொடங்கக் கடமைப்பட்டுள்ளது. ஆகையால் பொறுத்துக்கொண்டு எண்ணை முடக்குகிறவர் தம்மை மட்டுமே காத்துக்கொள்கிறார், புகார் செய்கிறவரோ முகமறியாத பலருடைய வேலை நேரத்தையும் காக்கிறார்.