முகத்தில் தெறித்த அழுக்குத் தண்ணீர்

சென்ற வாரம் கார்மேல் சபையின் பாரிஸ் மடத்துச் சமையலறையில், அங்கே வேலை செய்த சகோதரர் லாரன்ஸோடு இருந்தோம். இந்த வாரம் அதே கார்மேல் சபையின் பெண்கள் மடம் ஒன்றுக்குப் போகலாம், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் தள்ளி. ஊர் லிசியூ, பிரான்ஸின் நார்மண்டிப் பகுதி. 1888 ஏப்ரல் 9 அன்று தெரேஸ் மார்த்தேன் என்ற 15 வயதுப் பெண் அந்த மடத்தில் சேர்ந்தார். 1897 செப்டம்பர் 30 அன்று காசநோயால் அங்கேயே இறந்தார். வயது 24.

நம் ஊர்க் கோவில்களில் சிலுவையும் ரோஜாப் பூக்களுமாக நிற்கும் குழந்தை தெரேசம்மாள் இவர்தான். அந்தச் சொரூபத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முகத்தில் அத்தனை சாந்தம்! அவர் எழுதி வைத்ததை வாசித்தால், தன் எரிச்சலோடு தினமும் மல்லுக்கட்டிய ஒரு பெண்தான் தெரிகிறார்.

மாலைத் தியான நேரம். அவருக்குப் பின்னால் இருந்த சகோதரி, கிளிஞ்சல்களை ஒன்றோடொன்று உரசுவது போல ஓயாமல் ஒரு சத்தம் எழுப்புவார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நின்றுவிடும். தெரேஸ் திரும்பவில்லை, அடக்கி அடக்கி வியர்த்துப் போனார். கடைசியில், சத்தத்திலிருந்து தப்பிக்கப் பார்ப்பதை விட்டுவிட்டு, கச்சேரி கேட்பது போல அதையே உன்னிப்பாகக் கேட்டு இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். அன்றைய செபம் அவ்வளவுதான்.

துவைக்கும் இடத்தில் இன்னொன்று. எதிரே நின்று கைக்குட்டைகளை அலசிய சகோதரி, ஒவ்வொரு தடவையும் அழுக்குத் தண்ணீரை இவர் முகத்தில் தெறிக்கவிட்டார். சற்றுப் பின்வாங்கி முகத்தைத் துடைத்திருந்தாலே அவருக்குப் புரிந்திருக்கும். நாமாக இருந்தால் துடைக்கும் விதத்திலேயே நாலு வார்த்தை சொல்லியிருப்போம். தெரேஸ் துடைக்காமல் நின்றார்.

வேதசாட்சியாகச் சாவதற்கு ஒரே ஒரு முறை துணிந்தால் போதும், ஊரும் பார்க்கும். தெறிக்கும் தண்ணீரை யார் பார்ப்பது? விட்டுக்கொடுத்தது எதிரே நிற்பவருக்கே தெரியாது. தன்னை ஒப்புக்கொடுப்பதில் இதுதான் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

பொருளைக் கொடுப்பதைவிட நேரத்தைக் கொடுப்பது இன்னும் கஷ்டம். 1897 ஜூனில் தலைமை அன்னை மரி தெ கொன்சாக் சொன்னபடி, நோயாளியான தெரேஸ் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து தன் நினைவுகளை எழுதிக்கொண்டிருந்தார். பிறரன்பைப் பற்றிய பக்கங்கள். பத்து வரி சேர்வதற்குள் யாராவது ஒரு சகோதரி வந்து பேச்சுக் கொடுப்பார். அவர் போனால் அடுத்தவர். நோயாளிக்குப் பொழுது போகட்டும் என்ற நல்லெண்ணம்தான்! தெரேஸ் நோட்டை மூடுவார், சிரிப்பார், மறுபடி திறப்பார். அந்தத் தொந்தரவையும் அதே நோட்டிலேயே எழுதிவைத்தார், கொஞ்சம் குறும்போடு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் அடிபடும் பெண்ணிடம் ‘சிலுவையைச் சும’ என்று சொல்லி அனுப்பிவிட இந்தக் கதைகளை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தெரேஸ் தாமாக விட்டுக்கொடுத்தவை மௌனம், நேரம், சுத்தமான முகம். அடுத்தவர் முதுகில் சிலுவையை ஏற்றிவைக்க அவர் யாருக்கும் வழிகாட்டவில்லை.

அவர் எப்போதும் தாக்குப்பிடித்ததும் இல்லை. தலைமை அன்னை மார்ச்சளியோடு படுத்திருந்த ஒரு நாள், தெரேஸ் தன் பொறுப்பிலிருந்த சாவிகளைத் திருப்பிவைக்கப் போனார். அன்னை விழித்துவிடுவார் என்று பயந்த இன்னொரு சகோதரி, சாவியைத் தன்னிடம் தரச் சொன்னார். அது தன் பொறுப்பு, தானே வைக்கிறேன் என்று தெரேஸும் விடவில்லை. அந்தச் சந்தடியில் அன்னை விழித்தேவிட்டார். பழி தெரேஸ் மேல். அந்தச் சகோதரி நீளமாக விளக்கம் கொடுக்கத் தொடங்கினார். தன் பக்க நியாயத்தைச் சொல்ல தெரேஸுக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறந்தால் மன அமைதி போய்விடும். திறக்காமல் அங்கே நிற்கவும் தன்னால் ஆகாது என்று தெரிந்தது. மிச்சமிருந்தது ஒரே வழி: ஓட்டம். பேச்சு முடியும்வரை காத்திருக்காமல் நழுவினார். நெஞ்சு படபடத்ததில் தொலைவு போக முடியவில்லை, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இதில் வீரம் ஒன்றுமில்லை என்று பின்னால் அந்தத் தலைமை அன்னைக்கே எழுதினார். தோற்பது நிச்சயம் என்றால் சண்டைக்குள் போகாமலிருப்பதே மேல் என்றும் சேர்த்துக்கொண்டார்.

(தொடரும்)