சர்வீஸ் கடையிலிருந்து சர்வர் ரூமுக்கு

சின்னமனூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, அஞ்சு வருசமா கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில வேலை பார்க்கிறேன். படிச்சது டிப்ளமோ. ஐடி பக்கம் போகணும்னா கோடிங்ல இருந்து எல்லாத்தையும் புதுசா ஆரம்பிக்கணுமா?"

நானும் தேனியில சர்வீஸ் வேலை பார்த்துட்டு, பிறகு சர்வர் நிர்வாகத்துக்கு வந்தவன்தான். என் பதில்: புதுசா ஆரம்பிக்க வேண்டாம். பழுது எங்கே நகர்ந்து போகுதோ, அதுக்குப் பின்னாலயே நீங்களும் போங்க.

முதல்ல நம்ம தொழில் எப்படி மாறியிருக்குன்னு பாருங்க. 2011-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் வந்தப்போ, கிராமம் வரைக்கும் மெஷின் போய்ச் சேர்ந்தது. இப்போ வர்ற மெல்லிசான லேப்டாப் பலதுல ரேமை போர்டோட சேர்த்தே பத்த வச்சிருக்காங்க. கழட்டி மாட்ட இடமே இல்ல. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிஞ்சதால கொஞ்ச நாள் அப்கிரேடு வேலை கிடைக்கும். ஆனா அது ஒரு அலை மாதிரி, வந்துட்டுப் போயிடும்.

அதே நேரம், 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு கடைக்காரங்க சொல்ற குறையே மாறிடுச்சு. முன்னாடி "சிஸ்டம் ஆன் ஆகல" என்பாங்க. இப்போ "பில் அப்லோடு ஆகல" என்கிறாங்க. பழுது பெட்டியை விட்டு வெளியே போயிடுச்சு.

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலயும், மலைக்கு மேல கேரளாவில் புத்தடியிலயும் நடக்குது. வியாபாரிங்க திரையைப் பார்த்து விலை கேக்கறாங்க. அங்க ஒரு திரை அப்படியே நின்னுட்டா காரணம் கீபோர்டா, கேபிளா, சுவிட்சா, சர்வரா? கீழ இருந்து ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே போகணும். எஸ்எம்பிஎஸ், ரேம், போர்டுன்னு நீங்க தினமும் பார்க்கிற அதே முறைதான் இது. படிச்சு மட்டும் வந்தவங்களுக்கு இந்தப் பழக்கம் வர நாளாகும்.

இனி வரிசை.

முதல்ல நெட்வொர்க். ரவுட்டருக்கு பிங் போகுதா? வெளியே 8.8.8.8-க்குப் போகுதா? ரெண்டும் போய், பேரைச் சொல்லிக் கேட்டா மட்டும் போகலைன்னா, சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ். ஐபி, டிஎச்சிபி, விலேன் இதையெல்லாம் சிஸ்கோவின் இலவச பாக்கெட் டிரேசர்ல பழகலாம். சிசிஎன்ஏ பாடத்திட்டத்தை வழிகாட்டியா வச்சுக்கோங்க. பரீட்சை கட்டணம் அதிகம், கை பழகின பிறகு கட்டலாம்.

ரெண்டாவது லினக்ஸ். கடை மூலையில கிடக்கிற பழைய டெஸ்க்டாப்ல உபுண்டு சர்வர் போடுங்க. ஃபைல் ஷேரிங், யூசர் பெர்மிஷன், தினசரி பேக்கப் மூணையும் அதுல ஓட வையுங்க. பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, திரும்ப ரீஸ்டோர் பண்ணியும் பார்க்கணும்.

மூணாவது கிளவுட். அமேசானின் மும்பை ரீஜியன் 2016-லேயே வந்தாச்சு. அங்க நீங்க வாடகைக்கு எடுக்கிறதும் இதே சர்வர், இதே நெட்வொர்க்தான்.

கோடிங் எங்க வருது? ஒரே வேலையை மூணாவது தடவை கையால செய்யும்போது. அதுக்கு பவர்ஷெல்லிலோ பாஷிலோ பத்து வரி எழுதுங்க. தொடக்கத்துக்கு அது போதும்.

பண விஷயத்தையும் சொல்லிடறேன். மதுரையிலோ சென்னையிலோ கிடைக்கிற முதல் ஹெல்ப்டெஸ்க் வேலையில, ரூம் வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுறது இப்போ கடையில வாங்குறதை விடக் குறைவா இருக்கலாம். நைட் ஷிஃப்டும் வரும். வீடு உங்க வருமானத்தை நம்பி இருந்தா, வேலையை விட்டுட்டு படிக்காதீங்க. கடைக்கு ஏஎம்சி கொடுத்திருக்கிற ஸ்கூல், ஏலக்காய்க் கடை, ஆஸ்பத்திரி இருக்கும். முதலாளிகிட்ட பேசி, அவங்க நெட்வொர்க்கையும் பேக்கப்பையும் நீங்க பார்த்துக்கோங்க.

ரெஸ்யூமேல "ஃபார்மேட்டிங், அசெம்பிளிங்"னு எழுதாதீங்க. எத்தனை சிஸ்டம் பராமரிச்சீங்க, என்ன பழுது, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எழுதுங்க. இன்டர்வியூல பேச்சு அதுலருந்துதான் ஆரம்பிக்கும்.

அடுத்த எபிசோடுல, பழைய டெஸ்க்டாப்ல உபுண்டு சர்வர் போடுறதை ஒவ்வொரு படியா பார்ப்போம்.