மூர்க்கமும் ஜாஹிலிய்யத்தும்

கட்டுக்கடங்காக் கொடுஞ்சீற்றத்தைக் குறிக்க நாம் எடுத்தாளும் சொற்களுள் ‘மூர்க்கம்’ தலையாயது. ஆயின் அச்சொல் பிறந்த இடத்தில் சீற்றம் இல்லை. வடமொழியில் அது அறிவு மழுங்கியவனையே சுட்டும். தமிழில் அது பிடிவாதத்தையும் வெறியையும் சேர்த்துக்கொண்டது. மூர்க்கனும் முதலையும் பற்றியதை விடமாட்டா என்பது நம் பழமொழியின் கருத்து. மலையாளத்திலோ நல்லபாம்புக்கே மூர்க்கன் என்று பெயர்.

அறியாமையும் வெறியும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயலன்று. அரபியில் ‘ஜஹ்ல்’ என்னும் சொல்லும் இத்தகையதே. அதன் எதிர்ச்சொல் ‘இல்ம்’ எனும் அறிவு என்றே நாம் கற்றிருக்கிறோம். பண்டை அரபுக் கவிதைகளிலோ அது பெரிதும் ‘ஹில்ம்’ எனும் நிதானத்திற்கு எதிராக நிற்கிறது. இதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹங்கேரிய அறிஞர் இக்னாஸ் கோல்ட்ஸிஹர் எடுத்துக்காட்டினார். ஜப்பானிய அறிஞர் தோஷிஹிகோ இஸுத்ஸு பின்னர் விரித்துரைத்தார்.

திருக்குர்ஆனின் 48:26ஆம் வசனம், நிராகரிப்போர் உள்ளத்து மூண்ட ‘ஹமிய்யத்தல் ஜாஹிலிய்யா’ எனும் குலவெறியையும், இறைவன் அருளிய ‘ஸகீனத்’ எனும் அமைதியையும் எதிரெதிரே நிறுத்துகிறது. களம், ஹிஜ்ரி 6 (கி.பி. 628)இல் நிகழ்ந்த ஹுதைபிய்யா. உடன்படிக்கையில் ‘அல்லாஹ்வின் தூதர்’ எனும் சொல்லைக் குறைஷியர் சார்பில் வந்த சுஹைல் இப்னு அம்ரு ஏற்க மறுத்தார். அண்ணலார் (ஸல்) தம் பெயரையும் தந்தையார் பெயரையும் மட்டும் எழுத இசைந்தார்கள். மூர்க்கத்தின் முன் நின்ற ஹில்ம் இதுவே.

ஆகவே ஜாஹிலிய்யத்தை ‘அறியாமைக் காலம்’ என்று மட்டும் பெயர்ப்பது நமக்கு வசதியாகிவிடுகிறது. அதனைக் கடந்துபோன காலத்தின்மீது ஏற்றிவிடுகிறோம். ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்துரைத்த அபூதர் (ரலி) அவர்களை நோக்கி, உம்மிடம் ஜாஹிலிய்யத் எஞ்சியிருக்கிறது என்னும் பொருள்பட அண்ணலார் (ஸல்) கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. இஸ்லாத்தைத் தழுவிய, கற்றறிந்த ஒரு தோழருக்கே அவ்வெச்சரிக்கை! மஹல்லாப் பூசலிலும் குடும்பப் பெருமையிலும் நாம் காட்டும் வீம்புக்கு அது பொருந்தாதா?

ஆரணிப் பட்டுக்குப் பேர்பெற்ற வட்டாரத்துத் தேவிகாபுரத்தில் தறியின்முன் அமரும் நெசவாளி, பாவில் ஓரிழை அறுந்தால் சினந்து இழுப்பதில்லை. இழுத்தால் அடுத்த இழையும் அறும். கைநிறுத்தி, அறுந்ததை முடிந்த பின்னரே நெய்கிறார். அறிவு என்பது இங்கே ஏட்டறிவு அன்று. கையை அடக்கும் அறிவு. அவ்வறிவு இல்லாமையையே தமிழ் மூர்க்கம் என்றது. அரபி ஜஹ்ல் என்றது.